கோனாவின் வெயில், ஹிலோவின் மழை: ஒரு தீவில் தேனீக்கு நேர்ந்தது

ஹவாயின் பெரிய தீவில் மேற்குக் கரையோரம் கோனா என்று ஒரு பகுதி. வெளியுலகத்துக்கு அது காப்பி ஊர். தேனீ வளர்ப்பவர்களுக்கு ராணி ஊர். அமெரிக்க நிலப்பரப்பிலும் கனடாவிலும் குளிர் விலகும் முன்பே புது ராணி வேண்டும் என்று காத்திருப்பவர்கள் நிறைய. தீப்பெட்டி அளவுக் கூண்டில் துணைக்கு நாலைந்து பணித் தேனீக்களோடு ராணியை அடைத்து அவர்களுக்கு விமானத்தில் அனுப்புவதுதான் அங்கே தொழில். கோனாவுக்கு இந்த யோகம் அடித்ததற்குக் காரணம் வேறொன்றும் இல்லை, அங்கே குளிர்காலமே கிடையாது. ஜனவரியிலும் பூ இருக்கும், ராணி முட்டையிடும், ஆண் தேனீ பறக்கும்.

அந்த வசதியே எப்படி வினையானது என்பதுதான் இந்த ஆய்வு.

2007 ஏப்ரலில் ஓஆஹு தீவில் கவனிப்பாரற்றுக் கிடந்த சில பெட்டிகளில், தேனீயின் உடம்பில் ஒட்டி வாழும் வரோவா உண்ணி கண்டுபிடிக்கப்பட்டது. ஹொனலுலு இருக்கிற தீவு அது. அதுவரை ஹவாயில் இந்த உண்ணி இல்லை, சுற்றிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கடல்தானே. அடுத்த ஆண்டு, 2008 ஆகஸ்டில், பெரிய தீவின் கிழக்குக் கரையில் ஹிலோவிலும் தென்பட்டது. சுற்றுவட்டாரத்தில் இருந்த காட்டுக் கூட்டங்களை ஒழித்து அங்கேயே மடக்கிவிடப் பார்த்தார்கள், முடியவில்லை. சில ஆண்டுகளில் மலையைச் சுற்றிக்கொண்டு ராணி ஊருக்கும் போய்ச் சேர்ந்தது.

ஓஆஹுவில் என்ன ஆனது என்பதற்குப் பதிவு இருக்கிறது. மருந்து போடாமல் விட்ட 419 கூட்டங்களில் 274 அழிந்துபோயின. மூன்றில் இரண்டு பங்கு. இத்தனைக்கும் இந்தத் தீவில் பனி இல்லை, பசி இல்லை, ஆறு மாதம் பூ இல்லாத காலம் என்று எதுவும் இல்லை. குளிர்நாடுகளில் கூட்டம் செத்தால் ‘குளிர் தாங்கவில்லை’ என்று பழியை அங்கே போட்டுவிடலாம், இங்கே அந்தச் சாக்குக்கும் வழியில்லை.

இந்த உண்ணி எப்படி வாழ்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்தான் மற்றது புரியும். பெண் உண்ணி செம்பழுப்பு நிறம், ஒன்றரை மில்லிமீட்டர் அகலம், நீளத்தைவிட அகலம் அதிகம், நண்டைத் தட்டையாக்கியது போல இருக்கும். தேனீயின் வயிற்றுப் பக்கத் தகடுகளுக்கு நடுவே செருகிக்கொண்டு கொழுப்புத் திசுவைத் தின்னும். ஆனால் அங்கே அது குட்டி போடாது. அதற்குத் தேனீப் புழு வளரும் அறை வேண்டும். பணித் தேனீப் புழுவின் அறையை மெழுகால் மூடுவதற்கு 15, 20 மணி நேரம் முன்பு உள்ளே நுழைந்து, புழுவுக்கு வைத்த உணவுக்கு அடியில் முங்கிக் கிடக்கும். அறையை மூடிச் சுமார் மூன்று நாள் கழித்து முதல் முட்டை, அது ஆண். அப்புறம் ஏறத்தாழ 30 மணி நேரத்துக்கு ஒன்றாகப் பெண் முட்டைகள். பிறந்ததுகள் உள்ளேயே அண்ணன் தங்கை உறவில் கூடி முடித்து, தேனீ அறையை உடைத்து வெளியே வரும்போது அதன்மேல் தொற்றிக்கொண்டு வரும். ஆணும், முதிராத குட்டிகளும் உள்ளேயே சாகும்.

அதாவது மூடிய அறை இல்லையென்றால் உண்ணிக்கு வம்சம் இல்லை.

தட்பவெப்பம் கைவைக்கும் இடம் இதுதான். ஜெர்மனியிலோ கனடாவிலோ குளிர்காலத்தில் ராணி முட்டையிடுவதை நிறுத்திவிடும், சில வாரமோ சில மாதமோ அடையில் புழுவே இருக்காது. உண்ணி பெருக முடியாமல் வயதாகி, தான் ஏறியிருக்கும் தேனீயோடு சேர்ந்து குறைந்துகொண்டே வரும். ஒரு கரடுமுரடான கணக்குப் போடுவோம். உண்ணி மாதத்துக்கு இரண்டு மடங்காகிறது என்று வைத்துக்கொண்டால் எட்டு மாதத்தில் ஒன்று 256 ஆகும், பிறகு குளிர் வந்து ஒரு பங்கைக் கழிக்கும். பன்னிரண்டு மாதமும் புழு இருந்தால் அதே ஒன்று 4096. நிஜத்தில் இவ்வளவு சுத்தமாகப் போகாது, நடுவில் கூட்டமே விழுந்துவிடும் என்பது வேறு. ஆனால் ஓஆஹுவில் அந்தக் கழித்தல் கணக்கு நாள்காட்டியில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

கோனாவில் இன்னும் ஒரு படி மோசம். ராணி வளர்த்து விற்கிறவருக்கு ஆண் தேனீ வேண்டும், நிறைய வேண்டும், வருடம் முழுக்க வேண்டும், இல்லாவிட்டால் ராணிக்கு இணை கிடைக்காது. அதற்காகவே ஆண் அறை அடைகள் வைத்த கூட்டங்களைத் தனியாகப் பராமரிப்பார்கள். உண்ணிக்கு உலகத்திலேயே பிடித்த இடம் ஆண் அறைதான். பணித் தேனீ அறை ஏறத்தாழ 12 நாள் மூடியிருக்கும், ஆண் அறை அதைவிட இரண்டு மூன்று நாள் கூடுதல், அந்த இடைவெளியில் இன்னும் ஒரு குட்டி முதிர்ந்துவிடும். எத்தனையோ மடங்கு அதிக விருப்பத்தோடு அங்கே போய் நுழையும். ராணி வியாபாரிக்கு எது முதலோ அதுவே உண்ணிக்கும் முதல்.

இங்கே நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. உண்ணியின் சொந்த வீடு ஆசியாதான். நம் ஊர்ப் பெட்டிகளில், மார்த்தாண்டம் பக்கம் காலம் காலமாக வளர்க்கிறார்களே, அந்த இந்தியத் தேனீயின் இனம்தான் அதன் பழைய ஓம்புயிர். அங்கே அது ஆண் அறையில் மட்டும்தான் தழைக்கும், பணித் தேனீ அறையில் அதன் பாச்சா பலிக்காது. ஆண் புழு இருப்பது வருடத்தில் சில காலம் மட்டும் என்பதால் உண்ணிக்கும் அளவாகத்தான் வாழ்வு. கடந்த நூற்றாண்டில் மனிதர்கள் ஐரோப்பியத் தேனீயை, அதாவது நாம் இத்தாலியத் தேனீ என்கிறோமே அதை, ஆசியாவுக்குள் கொண்டுவந்து பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். உண்ணி தாவிவிட்டது. புது வீட்டில் பணித் தேனீ அறையும் திறந்திருந்தது.

சரி, வெப்பத்தைப் பார்த்தோம், ஈரம்? 1997-ல் வெளிவந்த ஓர் ஆய்வகச் சோதனையை மேற்கோள் காட்டிப் பலர் ஒரு காலத்தில் நம்பிக்கையாகப் பேசினார்கள். காற்றின் ஈரப்பதம் 59 முதல் 68 சதவீதம் இருந்தபோது உண்ணிகளில் பாதிக்கு மேல் குட்டி போட்டன, 79 முதல் 85 சதவீதம் ஆக்கியபோது 2 சதவீதம்தான் போட்டன. அப்படியானால் மழைக்காட்டில் தேனீ வளர்த்தால் உண்ணி தானாக ஒழியுமே என்று தோன்றும். ஒழியவில்லை. பெட்டிக்கு வெளியே எவ்வளவு மழை பெய்தாலும் புழு இருக்கும் நடு அடையைத் தேனீக்கள் 34, 35 டிகிரியில் வைத்திருக்கும், விசிறி விசிறி ஈரத்தையும் தள்ளும். வானிலை நிலையத்தில் பதிவாகும் எண் ஒன்று, உண்ணி அனுபவிக்கும் எண் வேறு. தட்பவெப்பம் பற்றி எழுதும் கட்டுரைகளில் பாதி இந்த இடத்தில்தான் வழுக்குகின்றன என்பது என் அபிப்பிராயம். உண்ணி வாழ்வது ஹவாயில் அல்ல, தேனீக்கள் தமக்கென்று கட்டிக்கொண்ட ஒரு அறைக்குள். வெளிவானிலை உள்ளே நுழைவது முக்கியமாக ஒரே வாசல் வழியாக: எத்தனை நாள் புழு இருக்கிறது என்பதன் வழியாக.

ஆனால் புழு நாள் கணக்கு மட்டும் முழுக் கதை என்றால் இன்னொரு தீவு இடிக்கிறது. பிரேசிலின் வடகிழக்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக்கில், ஃபெர்னாண்டோ டி நொரோன்யா. 1984-ல் அங்கே இத்தாலியத் தேனீக்களைக் கொண்டுபோனார்கள், கூடவே உண்ணியும் போனது. வெப்பத்தீவு, பனி இல்லை, மருந்தும் போடவில்லை. 100 தேனீக்கு இரட்டை இலக்கத்தில் உண்ணி எண்ணியிருக்கிறார்கள். பொதுவாக 100-க்கு 3 என்றாலே மருந்துப் பெட்டியைத் தேடச் சொல்வார்கள். அப்படியும் அந்தக் கூட்டங்கள் சாகவில்லை. ஆண்டுக் கணக்கில், பத்தாண்டுக் கணக்கில் இருந்தன.

ஒரே மாதிரி வெயில், ஒரே உண்ணி, ஒரே வகைத் தேனீ. ஓஆஹுவில் பிணம், நொரோன்யாவில் வாழ்வு. ஏன்?

விடையின் பெரும்பகுதி ஹவாயிலேயே கிடைத்தது, அதுவும் அந்தத் தீவுக்கூட்டம் தற்செயலாக ஒரு சோதனைக்கூடம் போல அமைந்துவிட்டதால். அப்போது ஓஆஹுவிலும் பெரிய தீவிலும் உண்ணி, கவாயிலும் மவுயிலும் இல்லை, மற்றபடி தட்பவெப்பம், பூ, தேனீ எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டீஃபன் மார்ட்டினும் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் எத்தல் வில்லலோபோஸும் மற்றவர்களும் நான்கு தீவுகளிலும் தேனீ மாதிரி எடுத்து, இறக்கைச் சிதைவு வைரஸைத் தேடினார்கள். 2012-ல் சயன்ஸ் இதழில் முடிவு வந்தது. உண்ணி இல்லாத இடங்களில் பத்தில் ஒரு கூட்டம் என்ற அளவில்தான் வைரஸ் தென்பட்டது. உண்ணி ஊன்றிக்கொண்ட இடங்களில் 100 சதவீதம் வரை ஏறியது, தேனீக்குள் வைரஸின் அளவு பத்து லட்சம் மடங்கு. அதைவிட என்னை உட்காரவைத்த விஷயம் வேறு. முன்பு பல வகையாக இருந்த வைரஸ், உண்ணி வந்தபின் ஒரே ஒரு வகை மேலோங்கி மற்றதெல்லாம் அமுங்கிப்போயிருந்தது. வைரஸ் பழையதுதான், தேனீக்குத் தேனீ வாய்வழி, முட்டைவழி பரவிச் சாதுவாகக் கிடந்தது. உண்ணி ஊசிபோல நேரே உடம்புக்குள் ஏற்ற ஆரம்பித்ததும், அந்தப் பாதைக்கு எது பொருந்தியதோ அது மட்டும் பெருகியது.

நொரோன்யாவில் பின்னாளில் பார்த்தபோது அந்த வைரஸின் அளவு குறைவாகவே இருந்தது. எனவே வெயிலை மட்டும் குற்றம் சொல்வதோ, வெயிலை மட்டும் நம்புவதோ இரண்டும் தப்பு. ஓயாத புழு உண்ணியைப் பெருக்கும், அது உறுதி. உண்ணி பெருகினால் கூட்டம் சாகுமா என்பது அது எதைச் சுமந்து திரிகிறது என்பதைப் பொறுத்தது. தென்னிந்தியாவில் 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் இந்தியத் தேனீப் பெட்டிகளைக் காலி செய்ததை நினைவு வைத்திருப்பவர்களுக்கு, வைரஸ் கிளம்பினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே உண்ணியின் துணைகூட வேண்டியிருக்கவில்லை.

இனி மலையின் கிழக்குப் பக்கம் போவோம். பெரிய தீவின் நடுவில் மவுனா கியா 4207 மீட்டர், மவுனா லோவா 4169 மீட்டர். வடகிழக்கிலிருந்து வரும் வியாபாரக் காற்று அதில் மோதி ஹிலோ பக்கம் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிவிட்டுப் போகும். வடமேற்குக் கரையில் சில இடங்களில் 250 மில்லிமீட்டர்கூடத் தேறாது. வால்பாறையில் கொட்டும் மழை உடுமலைக்கு வருவதில்லையே, அதே கதை. அந்த வறண்ட கரையில் தேனுக்குப் பேர்போன மரம் கியாவே, நம் சீமைக்கருவேலத்தின் உடன்பிறப்பு. இங்கே வெட்டி ஒழிக்க வழக்குப் போடுகிறோம், அங்கே அதன் வெண்ணிறத் தேனைத் தனி விலைக்கு விற்கிறார்கள். (கோனாவின் மலைச்சரிவில் கோடைப் பிற்பகல்களில் மழை உண்டு, அதை ஒரேயடியாக வறண்ட நிலம் என்று நினைத்துவிட வேண்டாம்.)

2010 ஏப்ரலில் ஹிலோ பக்கம் இரண்டாவது விருந்தாளி வந்தது. தேன்கூட்டு வண்டு, சொந்த ஊர் ஆப்பிரிக்கா. 5 முதல் 7 மில்லிமீட்டர், கறுப்புப் பழுப்பு. பெட்டிக்குள் விரிசலில் பதுங்கி முட்டையிடும், புழு வந்து தேன், மகரந்தம், தேனீப் புழு எல்லாவற்றையும் தின்னும். தின்றாலாவது போகட்டும். கூடவே வரும் ஒரு ஈஸ்ட் தேனைப் புளிக்கவைக்கும். பலவீனமான பெட்டியின் மூடியைத் திறந்தால் அழுகிய ஆரஞ்சு நாற்றம், சட்டத்தைத் தூக்கினால் அடையில் கொழகொழவென்று வழியும் தண்ணீர்த் தேன், அதில் வெள்ளைப் புழுக்கள் நெளியும். தேனீக்கள் அந்தப் பெட்டியை விட்டே போய்விடும். கழுவினால்தான் உண்டு, சமயத்தில் கழுவியும் பயனில்லை.

உண்ணிக்கும் வண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். உண்ணி பெட்டியை விட்டு இறங்குவதே இல்லை. வண்டின் புழு வளர்ந்ததும் பெட்டியிலிருந்து இறங்கி ஊர்ந்துபோய் மண்ணுக்குள் புதைந்தால்தான் கூட்டுப்புழுவாகும், பெரும்பாலும் பெட்டிக்கு ஒரு மீட்டருக்குள், 10, 20 சென்டிமீட்டர் ஆழத்தில். மண் ஈரமாக இருக்க வேண்டும், சூடாக இருக்க வேண்டும். சூட்டுக்கு ஏற்ப மூன்று நான்கு வாரத்தில் வண்டாகி வெளியே வரும், மண் குளிர்ந்தால் அது இரட்டிப்பாக இழுக்கும், ரொம்பக் குளிர்ந்தால் நடக்கவே நடக்காது. பெட்டிக்குள் காற்று வறண்டால் முட்டையும் சரியாகப் பொரியாது. ஆக இதற்கு வானிலை நேரடி விஷயம். தேனீயால் பெட்டிக்குள் இருக்கும் காற்றைத்தான் சரிசெய்ய முடியும், பெட்டிக்கு வெளியே கிடக்கும் மண்ணை என்ன செய்யும்?

ஹிலோ அதற்குச் செய்துவைத்தது போல அமைந்தது. அதனால்தான் அங்கே தேனீ வளர்ப்பவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் பாதி தேனீயைப் பற்றியே இருக்காது: பெட்டியை நிழலிலிருந்து வெயிலுக்கு மாற்று, புல்லை வெட்டு, உலர்ந்த கெட்டித் தரையில் வை, கூட்டத்தின் பலத்துக்கு மேல் அடுக்கை ஏற்றாதே. எரிமலைத் தீவில் கெட்டித் தரைக்குப் பஞ்சமில்லை. ஆனால் புழு பிடிவாதக்காரன், மண் கிடைக்கும்வரை ஊர்ந்துகொண்டே போகும்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் வண்டு முக்கியத் தீவுகள் எல்லாவற்றையும் எட்டிவிட்டது. அதுவரை உண்ணி எட்டாத கவாயையும் மவுயையும் அது எட்டியது. வண்டு தானே பறக்கும், தேனீ இல்லாவிட்டால் அழுகிய பழத்திலும் காலம் தள்ளும். உண்ணிக்குத் தேனீயை விட்டால் வேறு கதி இல்லை. இந்த இரண்டும் ஒரே பெட்டியில் சேர்ந்தபோதுதான் சேதம் பெருகியது என்று படுகிறது. பலமான கூட்டம் வண்டை மூலையில் விரட்டிப் பிசினால் சிறை வைத்துக் காவலும் நிற்கும். உண்ணியும் வைரஸும் பணித் தேனீயைத் தின்று தீர்த்த கூட்டத்தில் காவலுக்கு ஆள் ஏது?

உண்ணிக்குப் போடும் மருந்துக்கும் வானிலை பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை வெளியாட்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆக்சாலிக் அமிலம் மலிவு, நல்ல பலன், ஆனால் மெழுகு மூடியைத் தாண்டாது. குளிர்நாட்டுக்காரர் டிசம்பரில் புழு இல்லாத நாளில் ஒரே ஒரு முறை போட்டுவிட்டுத் தூங்கப் போவார், கோனாக்காரருக்கு அந்த நாள் வரவே வராது. மூன்று வாரத்துக்கு மேல் ராணியைக் கூண்டில் அடைத்துப் புழுவில்லாக் காலத்தைச் செயற்கையாக உண்டாக்கலாம், ராணி விற்றுப் பிழைப்பவருக்கு அது எத்தனை தூரம் சாத்தியம் என்று யோசித்துப் பாருங்கள். ஃபார்மிக் அமிலம் மூடியைத் தாண்டும், ஆனால் பகல் வெப்பம் 10-க்கும் 29-க்கும் இடையில் இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் ஆவி வேகமாகக் கிளம்பி ராணியையே கொன்றுவிடலாம். கோனாவின் கரையோரத்தில் 29 என்பது சாதாரணப் பகல். மலைமேல் ஏறினால் கொஞ்சம் தணியும். ஆக எந்த உயரத்தில் பெட்டி வைத்திருக்கிறோம் என்பதே எந்த மருந்து என்று முடிவு செய்கிறது.

இதை ஏதோ தூரத்துத் தீவின் விவகாரம் என்று ஒதுக்க முடியாததற்கு இன்னொரு காரணம் உண்டு. ஜெர்மனியில் 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் கூட்டங்களைச் செயற்கையாக முன்கூட்டியே குளிர்கால ஓய்விலிருந்து எழுப்பிப் பார்த்தார்கள். புழு வளர்ப்பை முன்னதாகத் தொடங்கியவற்றில் பருவ முடிவில் உண்ணி அதிகமாக இருந்தது. அதே ஆண்டு இன்னொரு ஆய்வு மண்ணின் வெப்பத்தையும் ஈரத்தையும் வைத்துக் கணக்கிட்டு, உலகம் சூடாகச் சூடாக வண்டுக்கு ஏற்ற நிலப்பரப்பு விரியும் என்றது. 2014-ல் இத்தாலியின் தெற்குக் கோடியில் கலாப்ரியாவில் அந்த வண்டு ஏற்கெனவே இறங்கியாயிற்று. குளிர்நாட்டுக் காலண்டரிலும் அந்தக் கழித்தல் மாதங்கள் தேய்கின்றன, ஐரோப்பியர்கள் மெல்ல மெல்லக் கோனாவை நோக்கி நகர்கிறார்கள், விமானம் ஏறாமலே.

கோனாவின் ராணித் தொழில் அழிந்துவிடவில்லை, இன்றும் கூண்டுகள் விமானம் ஏறுகின்றன. மாறியது வேலை. முன்பு பெட்டியைத் திறந்தால் ராணியைத் தேடுவார்கள், முட்டையைப் பார்ப்பார்கள், மூடிவிடுவார்கள். இப்போது அரைக் கோப்பை தேனீயை, கிட்டத்தட்ட 300 தேறும், ராணி அதில் மாட்டவில்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, வலைமூடி போட்ட கண்ணாடிக் குடுவையில் தட்டி, இரண்டு கரண்டி பொடித்த சர்க்கரை போட்டு உருட்டி, கொஞ்ச நேரம் வைத்து, ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்துக் குலுக்குகிறார்கள். சர்க்கரையோடு உண்ணி உதிரும். தட்டில் தண்ணீர் தெளித்தால் சர்க்கரை கரையும், செம்பழுப்புப் புள்ளிகள் மட்டும் மிஞ்சும். ஒன்பதைத் தாண்டினால் மருந்து. வெள்ளையாகப் பிசுபிசுக்கும் அந்த 300 தேனீக்களைப் பெட்டி வாசலில் கொட்டிவிட்டால் மற்றவை வந்து நக்கித் துடைத்து உள்ளே அழைத்துக்கொள்ளும். அடுத்த மாதம் திரும்பவும், அதற்கடுத்த மாதமும், ஜனவரி என்று விடுப்பு கிடையாது.